ஆழம் எவ்வளவுன்னு கேளுங்க

"நீச்சல் குளம் இருக்குல்ல?"

கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இன்று காலை ஒரு அப்பா போனில் ரிசார்ட்காரரிடம் கேட்டது அவ்வளவுதான். இடுப்பில் ஒரு வாண்டு, விரலைப் பிடித்தபடி இன்னொன்று.

கேட்க வேண்டியது ஆழம்.

ஆழம் குறைந்த பக்கமே மூன்றரை அடி இருந்தால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தலைக்கு மேல். சின்னதுகளுக்கென்று ஒன்றரை அடிக்குள் தனித் தொட்டி உண்டா?

அதைவிட, நம்ம பக்கத்து ரிசார்ட்டில் வாய்க்கால், தாமரைக்குளம், படித்துறை என்று ஏதாவது இருக்கும். படத்தில் அழகுதான். அறை வாசலுக்கும் தண்ணிக்கும் நடுவே வேலி இருக்கா, கதவுக்கு மேல்தாழ்ப்பாள் இருக்கா? மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 திறந்துவிட்டால், காய்ந்து கிடந்த வாய்க்காலும் சில நாளில் ஓடும். மே மாத போட்டோவை நம்பாதீர்கள்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கல்தரையில் பிஞ்சுக் கால் வைக்க முடியாது. பையில் ஒரு ஜோடி சாக்ஸ். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அன்றைக்கே தாராசுரம் கோயிலும் என்பது பேராசை.

ரயிலில் 5 வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், பெர்த்தும் கிடையாது. 5 முதல் 12 வயதுக்குள் பெர்த் கேட்டால் முழுக் கட்டணம்.

ரிசார்ட்டில் கொசுவலை கேட்டால் "லிக்விட் இருக்கு சார்" என்பார்கள். கைக்குழந்தை இருந்தால், குடை மாதிரி விரியும் வலையை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.