ஜெனோவாவில் பெஸ்டோ கேட்பதற்கு முன்: 'அல்லெர்ஜிக்கோ'

இத்தாலிய நகரமான ஜெனோவாவின் பெஸ்டோ என்ற சட்னியில் பாசில் இலை, பூண்டு, உப்பு, பைன் கொட்டை, இரண்டு வகைச் சீஸ், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் கடையில் பாட்டிலில் வரும் பெஸ்டோ பலவற்றில் முந்திரி கலந்திருக்கும். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இத்தாலிக்குக் கிளம்பும்போது 'ஒவ்வாமை உள்ள' என்று பொருள்படும் 'அல்லெர்ஜிக்கோ' என்ற பெயரடையைச் சரியாகப் படித்துக்கொண்டு போகவேண்டும்.

'எனக்கு ஒவ்வாமை' என்று சொல்ல, பேசுபவர் ஆண் என்றால் 'சோனோ அல்லெர்ஜிக்கோ', பெண் என்றால் 'அல்லெர்ஜிக்கா'. நாக்கு தடுமாறுவது பன்மையில்தான். ஆண்களோ இருபாலரும் சேர்ந்தோ இருந்தால் 'அல்லெர்ஜிச்சி', பெண்கள் மட்டும் என்றால் 'அல்லெர்ஜிக்கே'. அழுத்தம் எப்போதும் 'லெர்' மீது. விகுதி பிசகினாலும் பரிமாறுகிறவருக்குப் புரிந்துவிடும். பொருளின் பெயர் பிசகினால்தான் ஆபத்து.

அந்தப் பெயருக்கு முன்னால் நம் 'கு' உருபு போல ஒரு சொல் வரும். பாலுக்கு 'அல் லாத்தே', நிலக்கடலைக்கு 'அல்லே அராக்கிதி', இறால் நண்டுக்கு 'ஆய் க்ரொஸ்தாச்செய்'. 'நோச்சி' என்றால் பெரும்பாலும் வால்நட் மட்டுமே நினைவுக்கு வரும். முந்திரி, பாதாம், பிஸ்தா எல்லாம் அடங்க 'ஃப்ருத்தா ஆ கூஷோ' என்று சொல்லுங்கள். 'நொச்சோலே' ஹேசல்நட், 'நொச்சொலீனே' பேச்சுவழக்கில் நிலக்கடலை. ஓரெழுத்து, இரண்டெழுத்து வித்தியாசம்தான்!

மருத்துவப் பொருளிலும் கவனம் வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பி வலிக்கிறவர் 'இன்தொல்லெரான்தே'. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி அவருக்குக் குறைவு. 'அல்லெர்ஜிக்கோ' என்பவருக்குப் பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்பு சக்தி தாக்குகிறது. தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரை போகலாம். கடையில் 'சென்சா லாத்தோசியோ' (லாக்டோஸ் இல்லாதது) என்று எழுதிய பாலில் அந்தப் புரதம் அப்படியே இருக்கும், அது இவருக்கு உதவாது.

வேலை பிடிக்காதவரும் விளையாட்டாக 'அல்லெர்ஜிக்கோ' என்ற இதே சொல்லைப் பயன்படுத்துவார். அதனால் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் 'ஓ உனல்லெர்ஜீயா க்ராவே' என்று பெயர்ச்சொல்லால் சொல்வது நல்லது. ஆண் பெண் விகுதிக் கவலையும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2014 டிசம்பர் 13 முதல் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றி உணவகங்களும் தகவல் தரவேண்டும். பைன் கொட்டை அந்தப் பட்டியலில் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெலாத்தோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீம் விற்கும் கடையில் பிஸ்தாவில் தொட்ட கரண்டியே எலுமிச்சைக்கும் போகும். 'கோன் ஊனா பலேத்தா புலீத்தா' என்று சுத்தமான கரண்டி கேளுங்கள். மூச்சு திணறினால் அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் போட்டுவிட்டு உடனே அவசர உதவி எண் 112-ஐ அழைக்கவேண்டும்.