மூன்று பேர் பார்க்கும் இரவு

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் வளவை ஒட்டிய அறையிலிருந்து, செவ்வாயும் சனியும் இரவு எட்டரை மணிக்கு யூடியூப் நேரலையில் சதுரங்கம் ஆடிக்கொண்டே தமிழில் விளக்கிவருகிறேன். உயரமான கூரையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் குரலை எதிரொலிக்கச் செய்வதால், தொடங்குவதற்கு முன் இரண்டு ஜமுக்காளங்களை விரித்துக்கொள்வேன். வழக்கமாக ஒன்பது பத்துப் பேர் பார்ப்பார்கள்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 14-ஆவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று நம் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அன்று வியாழக்கிழமை, என்னுடைய நாள் அல்ல. ஆனாலும் மனம் கேட்காமல் நேரலையைத் தொடங்கினேன். டிங் தமது 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்ததும், யானைகளும் பிஷப்புகளும் அடுத்தடுத்து வெட்டுப்பட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும் நிலை வருகிறது. அதில் குகேஷின் கூடுதல் சிப்பாய் வென்றுவிடும் என்பதைக் காய்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன். ஒரே சமயத்தில் 140 பேர் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் 31 பேர். பொங்கலுக்குப் பிறகு 12. 2025 மார்ச் 22-இல் ஐபிஎல் தொடங்கியதும் 4.

ஏழரை மணிக்குத் தொடங்கும் கிரிக்கெட் ஆட்டம் என் நேரத்தை முழுவதுமாக விழுங்கிவிடும் என்பது அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் மனம் ஒவ்வொரு முறையும் திரையின் மூலையிலிருந்த அந்த எண்ணிடமே போய் நின்றது. ஒரு சனிக்கிழமை, இரு ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும்போது யார் நகர வேண்டும் என்பதே ஆட்டத்தைத் தீர்மானிக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பது நான்காகச் சரிந்தது. விளக்கம் சலிப்பூட்டுகிறது போலும் என்று பதறி, பாதியில் விட்டுவிட்டு வேகமான ஆட்டத்துக்குத் தாவினேன். சில நொடிகள் கழித்து அரட்டைப் பெட்டியில் ஒருவர், "அண்ணே, அந்த ராஜாவை ஏன் பின்னாடி எடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே?" என்று கேட்டார். நேரலை எப்போதும் சில நொடிகள் பிந்தியே பார்ப்பவரைச் சென்றடைகிறது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான்தான் அவரை விட்டுப் போய்விட்டேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அன்றிரவு என் முகத்தைப் பார்த்து விசாரித்த அப்பத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏப்பா, தினம் பெட்டியைத் திறந்து எண்ணிக்கிட்டிருந்தா யாவாரம் எப்படி ஓடும்? உங்க ஐயா வருசத்துக்கு ஒருதரம் ஐந்தொகை போட்டுத்தான் லாப நட்டம் பார்ப்பாக" என்றார்கள்.

அதன் பின் எண் தெரியும் மூலையில் ஒரு சிறிய காகிதத்தை ஒட்டினேன். மாதக் கடைசியில் மட்டும் கணக்கைத் திறந்து, உச்சத்தை விட்டுவிட்டு, சராசரியையும் ஒருவர் எவ்வளவு நேரம் நிலைத்துப் பார்த்தார் என்பதையும் பேரேட்டில் குறிக்கிறேன். ஏப்ரலில் ஆள் குறைவுதான். வந்தவர்களோ முன்னைவிட நெடுநேரம் இருந்திருக்கிறார்கள். நாளையும் நேரத்தையும் மட்டும் நான் மாற்றவில்லை. அது என் கையில் இருக்கிறது. ஐபிஎல் அட்டவணை இல்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அரட்டையில் எழுதியவர்கள் மூவர். பாதியில் விட்டுப்போன அந்த இரு ராஜாக்களின் நிலையையே மீண்டும் பலகையில் வைத்து, முக்கால் மணி நேரம் ராஜாவை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினேன். முன்பு கேள்வி கேட்டவர் சரியான கட்டத்தை எனக்கு முன்பே எழுதிவிட்டார்.