பத்து நாளில் ஆஸ்திரேலியா

வரைபடத்தில் விரலை வைத்து, பத்து நாளில் ஆஸ்திரேலியாவையே சுற்றிவிடலாம் என்று திட்டம் போட்டவன் நான். சிட்னியிலிருந்து, நாட்டின் நடுவே இருக்கும் உலுரு பாறைக்குச் சாலை வழியே சுமார் 2,800 கிலோமீட்டர் என்று பார்த்ததும் கைவிட்டேன். சரி, வடகிழக்குக் கரையில் இருக்கும் கெய்ன்ஸ் நகரத்துப் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட் போதும் என்று டிசம்பரில் போனேன்.

அறைக்கு எதிரே நீலக்கடல். இறங்கத்தான் முடியாது! ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை அங்கே கொட்டும் ஜெல்லிமீன் காலம். வலை கட்டிய இடத்துக்குள் மட்டும்தான் குளியல். கரையில் ஒரு கம்பம், அதில் வினிகர் பாட்டில். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தேன்; கொட்டினால் ஊற்றுவதற்காம். விளம்பரப் படத்தில் அந்தக் கம்பத்தைக் காணோம்.

அப்புறம் என்ன, ஏழு நாள் நீச்சல்குளத்தில்தான் கிடந்தேன்.