நான் யோசிக்கும்போது அதுவும் யோசிக்கிறது

நேற்றிரவு மூன்றாவது முறையாகத் தோற்றேன். அக்டோபர் பிறந்ததும் திரையில் நிலத்தின் நிறம் மாறியது. சேறு! அதுவரை பாய்ந்து போன டாங்கிப் படைகள் எருமை நடை போட ஆரம்பித்தன. மாஸ்கோ எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. சேறு காய்வதற்குள் பனி வந்தது, நதிகள் உறைந்தன, என் படைகளுக்கு வரவேண்டிய தளவாடங்கள் பாதி வரவில்லை.

விளையாட்டின் பெயர் ‘ஈஸ்டர்ன் ஃப்ரன்ட் (1941)’. அட்டாரி நிறுவனத்தின் வீட்டுக் கணினிகளுக்காக 1981இல் கிறிஸ் க்ராஃபோர்ட் எழுதியது. நான் ஆடுவது எமுலேட்டரில், அதாவது அந்தப் பழைய கணினியைப்போல் நடிக்கும் மென்பொருளில். 1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்துக்குள் ஜெர்மானியப் படை நுழைந்ததில் தொடங்கி, வாரம் வாரமாக அடுத்த ஆண்டு மார்ச் வரை போகிறது. நமக்கு ஜெர்மானியப் பக்கம் மட்டுமே. அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருப்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

ஜாய்ஸ்டிக் என்னும் கைப்பிடியால் திரையிலுள்ள சுட்டியை ஒரு படைமேல் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், கீழே அதன் பெயரும் பலமும் வரும். அழுத்தியபடியே திசை காட்டினால் போகும் வழியில் ஒரு சிறு அம்பு ஓடும்; சேருமிடத்தில் ஒரு சிலுவைக் குறி நிற்கும். எல்லாப் படைகளுக்கும் இப்படிக் கட்டளையிட்டுவிட்டு ஸ்டார்ட் பொத்தானைத் தட்டியதும் இரு தரப்பும் ஒரே நேரத்தில் நகரும். நாம் குறிவைத்த எதிரி அதற்குள் வேறெங்கோ போயிருப்பான்.

க்ராஃபோர்டின் முந்தைய விளையாட்டான ‘டேங்க்டிக்ஸ்’ஸில் கணினி கணக்குப் போடும், அவ்வளவுதான், வரைபடமும் காய்களும் மேசைமேல் கிடக்கும். அங்கிருந்து இங்கே வந்தவர்களுக்கு, லெனின்கிராடிலிருந்து செவஸ்டபோல் வரை விரல் அசைவில் வழுக்கிச் செல்லும் வரைபடம் எப்படி இருந்திருக்கும்! அன்று பாராட்டியவர்கள் அதைத்தான் முதலில் சொன்னார்கள். ‘கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்’ இதழ் அதை ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது. அட்டாரியின் வழக்கமான விற்பனை வரிசையில்கூட அது முதலில் வரவில்லை. பயனர்கள் எழுதிய நிரல்களை அஞ்சலில் விற்ற ‘அட்டாரி புரோகிராம் எக்ஸ்சேஞ்ச்’ பட்டியல் வழியாக வந்தது. அப்படியும் 60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. மூல நிரலையும் தனியாக விற்றார்கள். பிறகு 1982இல் அட்டாரியே கணினியில் செருகும் கார்ட்ரிட்ஜாக வெளியிட்டது.

வரைபடம் அழகுதான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தொலைக்காட்சித் திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் வரும் கணநேர இடைவெளியில் நம் ஜாய்ஸ்டிக்கைக் கவனித்துக்கொள்கிறது நிரல். மிச்ச நேரம் முழுவதும் ரஷ்யர்களுக்காகத் திட்டமிடுகிறது. போட்ட திட்டத்தையே திரும்பத் திரும்பத் திருத்துகிறது. நாம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோமோ, அவ்வளவு நேரம் அதற்கும் கிடைக்கிறது.

இது தெரியாமல், முதல் ஆட்டத்தில் கியேவ் அருகே ஒரு முற்றுகைக்காக அரைமணி நேரம் தலையைச் சொறிந்தேன். நடுவில் தொலைபேசியில் வேறு பேசிவிட்டு வந்தேன். ஸ்டார்ட் தட்டியதும் ரஷ்யர்களின் சிவப்புக் காய்கள் என் வளையத்தின் மிக மெலிந்த முனையில் வந்து நின்றன. அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

இப்போது முதல் நான்கு வாரங்களை அவசரமாக ஆடுகிறேன், யோசனையே இல்லாமல். மின்ஸ்க் சீக்கிரம் விழுகிறது. அக்டோபருக்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் செப்டம்பர் கடைசியிலேயே மாஸ்கோவை மறந்துவிட்டு, படைகளை நதிகளுக்குப் பின்னால் நிறுத்தப் போகிறேன். அந்த நதிகளும் உறையும் என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.