கேமரன் வேக்: வான்கூவரில் 2 சீசன்

2005 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) கேமரன் வேக்கை அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் எந்த அணியும் எடுக்கவில்லை. 2007இல் கனடியக் கால்பந்து லீகின் வான்கூவர் அணியான பிசி லயன்ஸ் அவரை டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) ஆக்கியது. அந்த ஆண்டு 16 சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை அவர் எறியும் முன்பே வீழ்த்துவது), அடுத்த ஆண்டு 23. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது இரண்டு ஆண்டும் அவருக்கே.

கனடாவில் சாக் எடுப்பது சுலபம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். 10 யார்டு கடக்க மூன்றே வாய்ப்பு என்பதால் அங்கே பாஸ் (பந்தை எறிவது) அதிகம், அது சாதகம்தான். ஆனால் தடுப்பு வரிசை பந்திலிருந்து ஒரு முழு யார்டு தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் எதிரே குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டாக்கிள் பின்வாங்கிக் காலை ஊன்றிவிடுவார். பந்து அசைந்த கணமே பாயாவிட்டால் ஓரத்தைச் சுற்றிப் போகவே முடியாது. நிமிர்ந்து ஓடினால் நெஞ்சில் கை விழும், அத்தோடு ஓட்டம் முடிந்தது. தோளைத் தாழ்த்தி வளைந்து திரும்புவதில் வேக்குக்கு இணை அரிது.

2009இல் மயாமி டால்ஃபின்ஸ் அழைத்துக்கொண்டது. என்எஃப்எல்லில் மொத்தம் 100.5 சாக். 2013இல் சின்சினாட்டிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் குவார்ட்டர்பேக்கை அவரது அணியின் எண்ட் சோனுக்குள்ளேயே (மைதானக் கடைசியில் உள்ள கோல் பகுதி) வீழ்த்தி, அந்த 2 புள்ளியில் ஆட்டத்தை 22-20 என முடித்தார். அசல் ஆட்டக்காரர்!