முட்டை சிக்கிய பெட்டையும் மதுரை வரைக்குமான நாலு மணி நேரமும்

பெட்டைப் பறவை கம்பியில் இல்லை. கூண்டின் தரையில், மூலையில், இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கால் இரண்டையும் அகட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறது. இடையிடையே கண்ணை மூடி முக்குகிறது, ஒன்றும் வருவதில்லை. காலையிலிருந்து எச்சமே போடவில்லை, அல்லது வழக்கத்தைவிடப் பெரிதாகத் தண்ணியாக ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறது. லவ் பேர்ட்ஸ், காக்டெயில், ஃபின்ச் எதுவானாலும் இதைப் பார்த்தால் முதலில் முட்டை வெளியே வராமல் உள்ளே சிக்கியிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ‘சளி பிடிச்சிருக்கு, நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடுவதில்தான் பெரும்பாலான பெட்டைகள் போகின்றன. ஃபின்ச் மாதிரி சின்னப் பறவைக்குச் சில மணி நேரம்தான் கணக்கு. லவ் பேர்ட்ஸ் ஒரு நாள் தாங்கினாலே பெரிது.

நம் பக்கத்துச் சிக்கல் தூரம். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி எங்கிருந்தாலும் பக்கத்தில் இருக்கும் கால்நடை மருந்தகத்துக்கு வருவது பெரும்பாலும் ஆடு, மாடு, கோழி. பறவைக்கென்று எக்ஸ்ரே, ஊசி எல்லாம் பார்ப்பவரைத் தேடி மதுரைக்குக் கிளம்பினால் ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் மூணு நாலு மணி நேரம் ஆகிவிடும். அதுவரைக்கும் பெட்டையைத் தாக்குப்பிடிக்க வைப்பது மட்டும்தான் வீட்டில் உங்கள் வேலை. முட்டையை எடுப்பது உங்கள் வேலை இல்லை.

முதல் வேலை சூடு. ஆணையும் மற்ற பறவைகளையும் பிரித்துவிட்டு, பெட்டையை ஒரு செருப்பு டப்பாவிலோ மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலோ மாற்றுங்கள். அடியில் பழைய பருத்தித் துண்டு. நூல் பிரிந்த துண்டு வேண்டாம், நகத்தில் மாட்டும். துண்டை வளையமாகச் சுருட்டி நடுவில் உட்கார வைத்தால் கால் வலுவிழந்த பறவை சாய்ந்து விழாது. டப்பாவுக்குள் 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். 40 வாட் குண்டு பல்பை டப்பாவின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு சாண் தள்ளி வையுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது, அதை வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருப்பவர்கள் உண்டு. கரண்ட் போனால் அரை லிட்டர் பாட்டிலில் வெந்நீர். மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்தால் பொறுக்கிற சூடு போதும். அதையும் துண்டில் சுற்றி ஓரமாக வைக்க வேண்டும். சூடு ஒரு பக்கம், சற்றுக் குளிர்ச்சி மறுபக்கம் என்றிருந்தால் வேண்டிய இடத்துக்குப் பறவையே நகரும். நகர முடியாத நிலையில் இருந்தால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள்.

இதை எல்லா மாதமும் ஒரே மாதிரி செய்யக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும் ராத்திரியில் பல்பு கட்டாயம். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும்போது அதே பல்பைப் போட்டால் முட்டைக்கு முன் வெக்கையே பறவையைக் கொன்றுவிடும். அப்போது காற்று நேராகப் படாத நிழல் போதும். ஈரப்பதத்துக்குக் கடலோரத்தில் பஞ்சமில்லை. ஆனால் பல்பு எரிகிற டப்பாவுக்குள் காற்று காய்ந்துபோகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு ஒன்றைப் பறவை தொடாத மூலையில் வையுங்கள். பறவையை நேராக ஆவியில் காட்டாதீர்கள். கொசுவத்தி, சாம்பிராணி, நான்ஸ்டிக் தவா காயும் அடுப்படி, மூன்றும் அந்த அறையில் ஆகாது. பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது.

சூட்டுக்கு அடுத்தது கால்சியம். முட்டையைத் தள்ளுவது தசை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அந்தத் தசை சுருங்காது. ஓடு உண்டாக்கவே இருந்த கால்சியம் தீர்ந்திருக்கும்போது தள்ளுவதற்கு மிச்சம் இருப்பதில்லை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் கால்சியம் சிரப் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் போனில் அளவு கேட்டுக் கொடுங்கள். யாரும் கிடைக்காத ராத்திரியில் 35 கிராம் லவ் பேர்ட்ஸுக்கு ஒரு சொட்டு, 90 கிராம் காக்டெயிலுக்கு இரண்டு சொட்டு. அலகின் ஓரத்தில் தொட்டு வைத்தால் அதுவே நக்கிக்கொள்ளும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தலை தொங்கிக் கிடக்கும் பறவைக்கு வாய்வழியாக எதுவுமே கூடாது. மாட்டுக்குப் பால் காய்ச்சல் வந்தால் போடும் கால்சியம் பாட்டிலை வாங்கி வீட்டிலேயே ஊசி போடும் யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். இந்த எடைக்கு அளவு கொஞ்சம் தவறினாலும் இதயம் நின்றுவிடும்.

தண்ணீரை மூடியில் ஊற்றி அலகுக்கு எட்டும்படி வையுங்கள், தினையும் அப்படியே. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பாதி இடங்களில் உப்பு. குடிக்கிற கேன் தண்ணீரையே வையுங்கள்.

கை வைக்க வேண்டிய ஒரே இடம் தடவிப் பார்ப்பது, அதுவும் ஒரு தடவை. இடது கையில் துண்டோடு, நெஞ்சை இறுக்காமல் பிடித்து, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்கும் எச்சவாய்க்கும் நடுவே வலது கை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். லவ் பேர்ட்ஸ் முட்டை இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். ஓடு கட்டியிருந்தால் கோலிக்குண்டு மாதிரித் தெரியும். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக முட்டை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஓடு கட்டாத தோல்முட்டை விரலுக்கும் அகப்படாது, எக்ஸ்ரேயிலும் சரியாக விழாது. சிக்குவதில் அதுதான் மோசமானது, ஏனென்றால் தசைக்குப் பிடித்துத் தள்ள ஒன்றும் இல்லை.

அமுக்கி எடுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டின் முனை முட்டைக்குழாயைக் கிழிக்கும், சீழ் வைக்கும், அல்லது குழாயே வெளியே பிதுங்கிவிடும். ஊசியால் குத்தி உறிஞ்சுவதை மருத்துவர் செய்வார், நீங்கள் செய்யக் கூடாது. அடுத்தது விளக்கெண்ணெய். பாட்டி காலத்து வைத்தியம் என்று வாயில் ஊற்றுகிறார்கள், பின்பக்கம் பூசுகிறார்கள். வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். பூசியது முட்டை இருக்கும் ஆழத்துக்குப் போகாது. இறகில் எண்ணெய் ஏறினால் உடம்புச் சூடு தங்காது, நீங்கள் பாடுபட்டுக் கொடுத்த சூடெல்லாம் அதோடு போச்சு. எச்சவாயின் விளிம்பில் முட்டையின் வெள்ளை ஓடு கண்ணுக்கே தெரிந்தால் மட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் ஜெல்லியைப் பஞ்சுக் குச்சியால் அந்த விளிம்பில் தொட்டு வையுங்கள். உள்ளே விட வேண்டாம்.

சிவப்பாகச் சதை பிதுங்கியிருந்தால் அது காயக் கூடாது. மருந்துக் கடையில் நார்மல் சலைன் பாட்டில் வாங்கி, காஸ் துணியை நனைத்து மூடி வையுங்கள். பஞ்சு வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், நேராகக் கிளம்புங்கள். காலை இழுத்துக்கொண்டு நகர்ந்தாலும் (முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது), ரத்தம் வந்தாலும், வாய் திறந்து மூச்சு விட்டாலும் அப்படியே. மற்றபடி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள். சூடு மட்டுமே போதுமாகி முட்டை விழுந்துவிடுவதும் நடக்கும். அந்த நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து பார்க்காதீர்கள். தொந்தரவில்லாத அமைதிதான் முக்குவதற்குத் தெம்பு தரும்.

வரவில்லை என்றால் முதல் பஸ். போன் செய்து பறவை பார்ப்பார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். காரில் போனால் ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது. வெந்நீர்ப் பாட்டில் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். பரமக்குடியிலோ மானாமதுரையிலோ டீக்கடையில் கேட்டால் வெந்நீர் தருவார்கள், பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக்கி ஊற்றுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றை எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்: வயது, சமையலறைத் தராசில் பார்த்த எடை, கடைசி முட்டை எந்த நாள், இது எத்தனையாவது, முக்க ஆரம்பித்த நேரம், கடைசி எச்சம், நீங்கள் கொடுத்தது என்ன, எத்தனை மணிக்கு. லவ் பேர்ட்ஸ், காக்டெயில் எல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும் என்பதால் கடைசி முட்டையின் தேதி முக்கியம். அங்கே பெரும்பாலும் முதலில் கால்சியமும் திரவமும் ஏற்றிவிட்டுத்தான் சுருங்கவைக்கும் ஊசியைப் பற்றி யோசிப்பார்கள். அந்த வரிசையை அவசரப்படுத்தாதீர்கள். வழி திறக்காமல் தசை மட்டும் சுருங்கினால் குழாய் வெடிக்கும்.

முட்டை விழுந்த பிறகும் ஒரு நாள் சூட்டிலேயே வையுங்கள். அடுத்த முட்டை இரண்டு நாளில் வரலாம். அதைத் தடுக்க நினைத்துக் கூண்டில் இருக்கும் முட்டைகளை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் ஈடுகட்ட இன்னும் இடும். அடைகாத்துச் சலித்து அதுவே விட்ட பிறகு முட்டையோடு, அது முட்டையிட வைத்த பானையையும் எடுத்துவிட்டு, வெளிச்சத்தை எட்டிலிருந்து பத்து மணி நேரமாகக் குறைத்து, சில மாதம் ஓய்வு கொடுங்கள்.

தினை மட்டுமே தின்று வளரும் பெட்டைதான் அதிகமும் மாட்டிக்கொள்கிறது, தினையில் கால்சியம் குறைவு. நமக்கு மருந்து கரையிலேயே ஒதுங்குகிறது: கணவாய் ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது. நாற்றமில்லாத, வெள்ளையான ஓட்டை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே இறங்கிப் பொறுக்கக் கூடாது. எடுத்ததை அப்படியே கூண்டில் கட்டினால் உப்பும் சேர்ந்து உள்ளே போகும். நல்ல தண்ணீரில் மூன்று நாள், தினம் இரண்டு தடவை மாற்றி ஊறவைத்து, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காத வரைக்கும் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள். கூடவே முருங்கைக்கீரை ஒரு கொத்து. பாலக்கீரை வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் உடம்பில் சேர, காலை எட்டு மணிக்குள் அரை மணி நேரம் நேர் வெயில், கண்ணாடி ஜன்னல் வழியாக வருவது கணக்கில் சேராது. கூண்டின் பாதி நிழலில் இருக்கட்டும், காக்காய்க்கு ஒரு கண் வைத்திருங்கள்.