தாத்தாவின் டிரங்குப் பெட்டி

கிருஷ்ணகிரி பழையபேட்டை வீட்டுப் பரணிலிருந்து, தரைப்படையில் மேஜராக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைச் சென்ற வாரம் இறக்கினோம். 1971 டிசம்பரில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் போருக்காக அவர் பெற்ற பூர்வி ஸ்டார், சங்ராம் பதக்கம் ஆகியவற்றைக் காட்டிலும், பாட்டிக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்களே என்னை நெடுநேரம் ஆட்கொண்டன. படை இருக்கும் இடம் வெளியே தெரியலாகாது என்பதால், அனுப்புநர் பகுதியில் 99 ஏ.பி.ஓ. என்னும் படை அஞ்சல் முகவரி மட்டுமே உள்ளது. பெறுநர் பகுதியிலோ, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்கு முன்பிருந்த வழக்கப்படி, 'தருமபுரி மாவட்டம்' என்றிருக்கிறது. போரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தோப்பில் மாமரங்கள் பூவெடுத்தனவா என்றே கேட்கிறார். டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதி நிகழ்ந்த டிசம்பர் 16க்குப் பின் எழுதிய கடிதத்தில் மட்டும் கையெழுத்து நடுங்கியிருக்கிறது. அதனைப் பாட்டி தம் கூறைப்புடவைத் துண்டில் தனியே சுற்றி வைத்திருந்தார்.